1812 போர்: ஏன் மூண்டது, எப்படி நடந்தது, யார் தோற்றார்கள்?

சுதந்திரம் பெற்று முப்பது வருடம்கூட ஆகாத அமெரிக்கா, 1812-இல் மறுபடியும் பிரிட்டனோடு ஏன் போருக்குப் போனது, அதில் யார் ஜெயித்தார்கள் என்பது கேள்வி.

பள்ளிப் பாடப் பதில் ஒன்று உண்டு. அமெரிக்கக் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்து மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனது. அதனால் 1812 ஜூன் 18-இல் அமெரிக்கா போர் அறிவித்தது. இரண்டரை வருடம் சண்டை நடந்தது. யாருக்கும் வெற்றி இல்லாமல் பழைய எல்லையோடு முடிந்தது. இதில் எதுவும் தவறில்லை. ஆனால் இந்தப் போரில் இரண்டு தரப்பு அல்ல, மூன்று தரப்பு இருந்தது. மூன்றாவது தரப்பான பூர்வகுடி மக்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் போர் ஏன் மூண்டது, எதில் முடிந்தது என்று புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஐரோப்பா. 1805-இல் பிரான்சைத் தோற்கடித்த டிரஃபால்கர் கடற்சண்டைக்குப் பிறகு கடல் முழுக்க பிரிட்டன் கையில். தரையில் நெப்போலியனை அசைக்க ஆள் இல்லை. நேருக்கு நேர் மோத முடியாத இருவரும் ஒருவர் வியாபாரத்தை ஒருவர் நெரிக்க ஆரம்பித்தார்கள். பிரிட்டனோடு யாரும் வணிகம் செய்யக் கூடாது என்று நெப்போலியன் 1806-இல் பெர்லினிலிருந்தும் 1807-இல் மிலானிலிருந்தும் ஆணை போட்டார். பிரான்சின் கட்டுப்பாட்டில் உள்ள துறைமுகங்களுக்குப் போகும் எந்தக் கப்பலும் முதலில் பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வந்து வரி கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிரிட்டன் பதில் ஆணை போட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது அமெரிக்கா. இரண்டு தரப்புக்கும் சரக்கு ஏற்றிக் கொழுத்த லாபம் பார்த்துக்கொண்டிருந்த நடுநிலை நாடு அது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல, பிரான்சுக்குப் போனால் பிரிட்டன் பிடித்தது, பிரிட்டனுக்குப் போனால் பிரான்ஸ் பிடித்தது.

சரக்கு போனதைவிட ஆள் போனதுதான் அதிகம் வலித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் தேவைப்பட்ட பிரிட்டிஷ் கடற்படையில் சம்பளம் குறைவு, சவுக்கடி அதிகம். கிடைத்த சந்தர்ப்பத்தில் தப்பி, நல்ல கூலி கொடுக்கும் அமெரிக்க வணிகக் கப்பல்களில் பலர் சேர்ந்தார்கள். அவர்களைத் தேடி பிரிட்டிஷ் அதிகாரிகள் நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை நிறுத்தி ஏறுவார்கள். மாலுமிகளை மேல்தளத்தில் வரிசையாக நிற்கவைப்பார்கள். இவன் நம்மவன் என்று தோன்றியவனை இழுத்துக்கொண்டு போவார்கள். ராஜாவின் குடியாகப் பிறந்தவன் சாகும்வரை ராஜாவின் குடிதான், அமெரிக்கக் குடியுரிமை வாங்கினாலும் செல்லாது என்பது பிரிட்டனின் வாதம். இரு நாட்டவரும் பேசுவது ஒரே ஆங்கிலம். யார் எந்த நாட்டுக்காரன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் வைத்திருக்கும் சான்றிதழைக் காட்டினால் அது போலி என்று தூக்கி எறிந்தார்கள். போலிச் சான்றிதழ்கள் தாராளமாகப் புழங்கியதும் உண்மை. 1812-க்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இப்படிப் பிடித்துச் செல்லப்பட்டதாக அமெரிக்க அரசு கணக்குக் காட்டியது.

இதில் ஒரு சம்பவத்தை மட்டும் கிட்ட வைத்துப் பார்க்கலாம். 1807 ஜூன் 22. ‘செசபீக்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் பக்கமிருந்து மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டது. நீண்ட பயணம் என்பதால் தளமெல்லாம் மூட்டைமுடிச்சு; பீரங்கிகள் சுடத் தயாராக இல்லை. ‘லெப்பர்ட்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் அருகே வந்து, ஓடிப்போன மாலுமிகள் இருக்கிறார்களா என்று சோதிக்க வேண்டும் என்றது. தளபதி ஜேம்ஸ் பேரன் மறுத்தார். உடனே லெப்பர்ட் சரமாரியாகச் சுட்டது. பீரங்கியைப் பற்றவைக்கத் திரிகூட தயாராக இல்லாத நிலையில், சமையலறை அடுப்பிலிருந்து ஒரு தணலைக் கையில் எடுத்து வந்து ஓர் அதிகாரி ஒரே ஒரு குண்டைத் திருப்பிச் சுட்டார். அந்த ஒரு குண்டோடு கொடி இறங்கியது. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள், பதினெட்டுப் பேருக்குக் காயம். நான்கு பேரைப் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் மூவர் அமெரிக்கர்கள். நான்காமவரான ஜென்கின் ராட்ஃபோர்டை ஹாலிஃபாக்ஸில் தூக்கில் போட்டார்கள்.

வணிகக் கப்பலை மறிப்பது வேறு, ஒரு நாட்டின் போர்க்கப்பலைச் சுட்டு ஆளை எடுத்துப்போவது வேறு. நாடே கொதித்தது. அன்றைக்கே போர் மூண்டிருந்தால் ஆச்சரியமில்லை. ஜனாதிபதி ஜெஃபர்சன் மட்டும் ஆயுதத்துக்குப் பதில் வணிகத்தைக் கையில் எடுத்தார். 1807 டிசம்பரில் அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாடு போகக் கூடாது என்று தடை போட்டார். அடி விழுந்தது சொந்த மக்கள் மேல்தான். 1807-இல் சுமார் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி அடுத்த வருடமே 2.2 கோடிக்கு இறங்கியது. பாஸ்டன் போன்ற துறைமுகங்களில் கப்பல்கள் சும்மா கிடந்து இற்றன. 1809-இல் தடையை எடுத்தார்கள். அப்புறம் வந்த அரைகுறைச் சட்டங்களும் எடுபடவில்லை.

இதுவரை எல்லாம் கடல் விவகாரம். இனி நிலத்துக்கு வருவோம், எனக்குப் போரின் நிஜமான உள்ளடக்கம் இங்கேதான் தெரிகிறது.

ஒஹாயோ நதிக்கு வடக்கே அமெரிக்கர்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் போட்டு நிலத்தை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். 1809-இல் ஃபோர்ட் வெய்ன் ஒப்பந்தத்தில் மட்டும் இண்டியானா பகுதியின் ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் சில தலைவர்களைப் பிடித்துச் சுமார் 30 லட்சம் ஏக்கரைக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஷானி இனத்தைச் சேர்ந்த டெகும்சே இதை ஏற்கவில்லை. நிலம் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் பொது, ஒரு குழு தனியாக விற்க அதற்கு உரிமையில்லை என்றார். வடக்கே பெரிய ஏரிகள் முதல் தெற்கே கிரீக் என்ற பூர்வகுடி மக்கள் வரை போய்ப் பேசி, எல்லாரையும் ஒரே அணியாகத் திரட்டப் பார்த்தார். அவருடைய தம்பி டென்ஸ்க்வாட்டாவா ஞானி என்று பெயர் பெற்றவர். அவரைச் சுற்றி ஒரு ஊரே உருவாகியிருந்தது. டெகும்சே தெற்கே போயிருந்த நேரம் பார்த்து ஹாரிசன் படையோடு வந்தார். 1811 நவம்பர் 7-இல் டிப்பிகனூ ஆற்றங்கரையில் சண்டை. அப்புறம் அந்த ஊரை எரித்துவிட்டுப் போனார். பூர்வகுடிகளிடம் பிரிட்டிஷ் துப்பாக்கிகள் இருந்ததால், எல்லாவற்றையும் தன் ஆட்சியில் இருந்த கனடாவிலிருந்து பிரிட்டன்தான் தூண்டிவிடுகிறது என்ற பேச்சு வலுத்தது. பிரிட்டன் ஆயுதம் கொடுத்தது நிஜம்தான். ஆனால் சண்டைக்கான காரணம் பறிபோன நிலம். அதற்கு யாரும் தூண்டிவிடத் தேவையில்லை.

காங்கிரஸில் ஹென்றி கிளே, ஜான் கால்ஹூன் போன்ற இளைய உறுப்பினர்கள் போர் வேண்டும் என்று நின்றார்கள். வாக்கெடுப்பைப் பாருங்கள்: பிரதிநிதிகள் சபையில் 79-க்கு 49, செனட்டில் 19-க்கு 13. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. கப்பலும் மாலுமியும் யாருடையதோ அந்த நியூ இங்கிலாந்து மாநிலங்களில்தான் எதிர்ப்பு அதிகம். கடலையே பார்க்காத மேற்கும், அதோடு சேர்ந்து தெற்கும் போருக்குத் துடித்தன. மாலுமிகளின் மானம் மட்டுமே காரணம் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. கடற்படையால் பிரிட்டனை எதிர்க்க முடியாது, அதனால் கைக்கு எட்டும் கனடாவைப் பிடித்துப் பேரம் பேசலாம் என்று சிலர் நினைத்தார்கள். கனடாவையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைத்தார்கள். கியூபெக் வரை பிடிப்பது வெறும் நடந்துபோகும் வேலைதான் என்று ஓய்வில் இருந்த ஜெஃபர்சன் கடிதம் எழுதினார்.

இதில் மனசை உறுத்தும் ஒரு விஷயம், காலம். மே 11-இல் பிரிட்டிஷ் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் நாடாளுமன்ற முகப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவனுக்கு அமெரிக்காவோடு சம்பந்தமில்லை. புதிதாக வந்த அரசு, ஜூன் 23-இல் அந்த வணிக ஆணைகளை ரத்து செய்தது. வாஷிங்டனில் போர் அறிவித்து அப்போது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. செய்தி அட்லாண்டிக்கைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும். விஷயம் தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். ஆளைப் பிடிக்கும் வழக்கத்தைக் கைவிடாதவரை முடியாது என்று ஜனாதிபதி மேடிசன் மறுத்துவிட்டார்.

சரி, போர். நடந்துபோய்ப் பிடிக்கும் வேலை முதல் இரண்டு மாதத்திலேயே கவிழ்ந்தது. வில்லியம் ஹல் என்ற வயதான தளபதி டெட்ராய்ட்டிலிருந்து கனடாவுக்குள் நுழைந்து, பயந்து திரும்பிவந்தார். எதிரே இருந்த பிரிட்டிஷ் தளபதி ஐசக் புரோக்கிடம் ஆள் குறைவு. அவர் ஊர்ப்படைக்காரர்களுக்குப் பழைய சிவப்புக் கோட்டுகளை மாட்டிவிட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் அத்தனை பேரும் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் போலத் தெரியவைத்தார். சண்டை தொடங்கிவிட்டால் கூட இருக்கும் பூர்வகுடி வீரர்கள் என் கட்டுப்பாட்டில் இருக்க மாட்டார்கள் என்று கடிதமும் அனுப்பினார். கோட்டைக்குள் ஹல்லின் மகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகஸ்ட் 16-இல், தன்னைவிடச் சிறிய படையிடம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு ஹல் சரணடைந்தார். டெகும்சேயின் வீரர்கள் இல்லாமல் இந்த வெற்றி கிடைத்திருக்காது.

அக்டோபர் 13-இல் நயாகரா ஆற்றைக் கடந்து குவீன்ஸ்டன் குன்றில் அமெரிக்கர்கள் இன்னொரு முயற்சி செய்தார்கள். புரோக் அங்கே செத்துப்போனார். ஆனாலும் அமெரிக்கர்கள் தோற்றார்கள். ஆற்றின் இந்தக் கரையில் நின்ற நியூயார்க் ஊர்ப்படை, சொந்த மாநிலத்தைக் காக்க வந்தோமே தவிர அந்நிய மண்ணில் சண்டையிட வரவில்லை என்று தாண்ட மறுத்துவிட்டது.

கடலில்தான் எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அமெரிக்கக் கடற்படையில் இருபது கப்பல்கூடத் தேறாது, பிரிட்டனிடம் நூற்றுக்கணக்கில். ஆனால் ஒண்டிக்கு ஒண்டி மோதலில், கனமாகவும் வேகமாகவும் கட்டப்பட்ட அமெரிக்க ஃபிரிகேட் கப்பல்கள் ஜெயித்தன. ஆகஸ்ட் 19-இல் ‘கான்ஸ்டிடியூஷன்’, ‘கெரியர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை உடைத்தது. கான்ஸ்டிடியூஷனின் கேப்டன் ஐசக் ஹல், டெட்ராய்ட்டில் சரணடைந்தவரின் அண்ணன்-தம்பி வழிப் பிள்ளை. டிசம்பர் 29-இல் அதே கப்பல் பிரேசில் கரைக்கு அப்பால் ‘ஜாவா’வைப் பிடித்தது. இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஜாவாவில் பயணியாக இருந்தவர் தளபதி தாமஸ் ஹிஸ்லப். சிறைபட்டு விடுபட்ட அவர் பிறகு மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்தார். இந்த வெற்றிகளால் அமெரிக்கர்களுக்குத் தெம்பு வந்தது, போரின் போக்கு மாறவில்லை. 1813-இலிருந்து பிரிட்டிஷ் கடற்படை கரையோரத்தை முற்றுகையிட்டு வணிகத்தை அடைத்துவிட்டது.

1813-இல் ஆட்டம் ஏரிகளில். ஏப்ரலில் அமெரிக்கர்கள் யார்க் நகரை, அதாவது இன்றைய டொரன்டோவைப் பிடித்து அதன் நாடாளுமன்றக் கட்டடத்தை எரித்தார்கள். செப்டம்பர் 10-இல் ஈரி ஏரியில் ஆலிவர் பெர்ரி ஒரு பிரிட்டிஷ் படையணியையே மொத்தமாகச் சரணடைய வைத்தார். ஏரி போனதும் சாமான் வரும் வழி அடைபட்டது; பிரிட்டிஷ் படை கிழக்கே பின்வாங்கியது. கூட்டாளியை நம்பி நின்ற டெகும்சேக்கு அது துரோகமாகப் பட்டது. அக்டோபர் 5-இல் கனடாவில் உள்ள தேம்ஸ் ஆற்றங்கரையில் ஹாரிசன் படை அவர்களை எட்டிப்பிடித்தது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் சீக்கிரமே கலைந்தார்கள். டெகும்சேயின் ஆட்கள் நின்று போராடினார்கள். டெகும்சே அங்கே விழுந்தார். அவரோடு அந்தக் கூட்டணியும் சிதறியது. இந்தப் போரின் ஆகப்பெரிய திருப்பம் இதுதான் என்பது என் கருத்து. அடுத்த வருடம் எரிந்த வெள்ளை மாளிகைகூட இதற்கு அடுத்துத்தான்.

தெற்கே அதே காலத்தில் இன்னொரு போர். கிரீக் மக்களுக்குள் அமெரிக்க எதிர்ப்புப் பிரிவான ‘சிவப்புக் கம்பு’க்காரர்கள் மீது டென்னசியின் ஆண்ட்ரூ ஜாக்சன் படையெடுத்தார். 1814 மார்ச் 27-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவில் சுமார் 800 பேர் கொல்லப்பட்டார்கள். ஜாக்சனோடு சேர்ந்து சண்டையிட்டவர்களில் செரோக்கீ மக்களும், கிரீக் மக்களிலேயே ஒரு பகுதியினரும் இருந்தார்கள். ஆகஸ்டில் போட்ட ஒப்பந்தத்தில் ஜாக்சன் இரண்டு கோடி ஏக்கருக்கும் மேல் எழுதி வாங்கினார், தன்னோடு நின்று சண்டையிட்ட கிரீக் மக்களின் நிலத்தையும் சேர்த்து.

1814 ஏப்ரலில் நெப்போலியன் பதவி இறங்கியதும் பிரிட்டனுக்குக் கை ஒழிந்தது. தேர்ந்த படைகள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின. ஆகஸ்ட் 24-இல் தளபதி ராபர்ட் ராஸ், வாஷிங்டனுக்கு வெளியே பிளேடன்ஸ்பர்க்கில் அமெரிக்க ஊர்ப்படையைச் சிதறடித்தார். அங்கே பிரிட்டிஷார் விட்ட காங்கிரீவ் ராக்கெட்டுகளுக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படையை நிலைகுலைய வைத்தது ஹைதர் அலி படையின் ராக்கெட்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார்.

அன்று மாலை ஜனாதிபதி மாளிகையில் விருந்துக்கு மேசை போட்டிருந்தது. ஜனாதிபதியின் மனைவி டாலி மேடிசன் கடைசி நேரத்தில்தான் கிளம்பினார். முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பெரிய ஓவியத்தை அவரே கழற்றிக் காப்பாற்றினார் என்ற கதை பிரபலம். அங்கே அடிமையாக இருந்த சிறுவன் பால் ஜென்னிங்ஸ், பின்னாளில் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் அதை மறுத்தார். படத்தை இறக்கியது வாயிற்காவலரும் தோட்டக்காரரும்தான் என்று பதிவு செய்தார். உள்ளே வந்த பிரிட்டிஷார் தயாராக இருந்த உணவைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் தீ வைத்தார்கள். காங்கிரஸ் கட்டடமும் அதிலிருந்த நூலகமும் சேர்ந்து எரிந்தன. அடுத்த வருடம் ஜெஃபர்சன் தன் சொந்தப் புத்தகங்கள் ஆறாயிரத்துக்கும் மேல் விற்றுத்தான் அந்த நூலகம் மறுபடி எழுந்தது.

அடுத்து பால்டிமோர். ராஸ் அங்கே சுடப்பட்டு இறந்தார். செப்டம்பர் 13, 14 தேதிகளில் மெக்ஹென்றி கோட்டை மேல் 25 மணிநேரம் குண்டும் ராக்கெட்டும் பொழிந்தும் கோட்டை விழவில்லை. விடியலில் பறந்த கொடியைப் பார்த்து வழக்கறிஞர் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாடல்தான் 1931-இல் அமெரிக்காவின் தேசிய கீதமானது. ராக்கெட்டுகளின் சிவப்பு வெளிச்சம் அந்த வரிகளில் இருக்கிறது.

அதே வாரம் வடக்கே நடந்தது பலருக்குத் தெரியாது, ஆனால் சமாதானப் பேச்சைத் திருப்பியது அதுதான். செப்டம்பர் 11-இல் சாம்ப்ளெய்ன் ஏரியின் பிளாட்ஸ்பர்க் விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படையின் தாமஸ் மெக்டனோ தன் கப்பலின் ஒரு பக்கப் பீரங்கிகள் நாசமானதும், முன்கூட்டியே போட்டுவைத்திருந்த நங்கூரக் கயிறுகளை இழுத்துக் கப்பலை நின்ற இடத்திலேயே திருப்பி, அடிபடாத மறுபக்கத்தால் சுட்டார். பிரிட்டிஷ் படையணி சரணடைந்தது. பத்தாயிரம் பேரோடு தரைவழி வந்த பிரிட்டிஷ் தளபதி பிரெவோ கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அமெரிக்காவில் சண்டையிடும் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை ஏற்கிறீர்களா என்று லண்டன் கேட்டபோது வெலிங்டன், ஏரிகளைக் கையில் வைத்திருக்காமல் ஒன்றும் செய்ய முடியாது, நிலம் கேட்கும் நிலையில் நாம் இல்லை என்று பதில் எழுதினார். திப்புவுக்கு எதிரான போரில் இருந்த அதே ஆர்தர் வெல்லஸ்லிதான் இந்த வெலிங்டன்.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் ஆகஸ்டில் பேச்சு தொடங்கியபோது பிரிட்டன் ஒரு நல்ல கோரிக்கை வைத்தது: பூர்வகுடிகளுக்கென்று அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் தனி நிலப்பகுதி வேண்டும். அமெரிக்கர்கள் மறுத்தார்கள், கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு பிரிட்டன் கைவிட்டது. டிசம்பர் 24-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் சாரம், எல்லாம் போருக்கு முன் இருந்தபடி. எதற்காகப் போர் என்றார்களோ அந்த ஆள்பிடிக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நெப்போலியன் போர் முடிந்ததால் அதற்கான தேவையே போய்விட்டிருந்தது.

1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸில் ஜாக்சன், மண்சுவருக்குப் பின்னால் நின்று, முன்னேறிவந்த பிரிட்டிஷ் படையைச் சுட்டுத்தள்ளினார். தளபதி பேக்கனம் இறந்தார். பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் சேர்த்து சுமார் 2,000. அமெரிக்கத் தரப்பில் அன்று இறந்தவர் 13. போர் முடிந்த பிறகு நடந்த வீண் சண்டை என்று இதைச் சொல்வது வழக்கம். முழுக்கச் சரியல்ல. இரு அரசுகளும் ஒப்புதல் தந்தால்தான் போர் முடியும் என்று ஒப்பந்தமே சொன்னது. செனட் ஒப்புதல் தந்தது பிப்ரவரி 16-இல். அதற்குச் சில நாள் முன்புகூட பிரிட்டிஷார் மொபீல் அருகே ஒரு கோட்டையைப் பிடித்திருந்தார்கள்.

ஆக, யார் ஜெயித்தார்கள்? அமெரிக்கா தோற்காமல் தப்பியதை வெற்றியாகக் கொண்டாடியது. நியூ ஆர்லியன்ஸ் செய்தியும் சமாதானச் செய்தியும் அடுத்தடுத்து வந்ததால் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. பிரிட்டனுக்கு இது நெப்போலியன் போரின் ஓரத்தில் நடந்த தொல்லை. கனடா கையில் நின்றது போதும். கனடாவுக்கு, ஆங்கிலம் பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் சேர்ந்து படையெடுப்பைத் தடுத்த நினைவு மிஞ்சியது. பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஓடிவந்து விடுதலை பெற்ற அடிமைகள் சுமார் 4,000 பேர். சிலர் பிரிட்டிஷ் சீருடை போட்டு வாஷிங்டன் வரை வந்தார்கள், பிறகு நோவா ஸ்கோஷியாவிலும் டிரினிடாடிலும் குடியேறினார்கள். அவர்களைத் திருப்பித் தராமல், சொத்துக்கு ஈடாகப் பணம் கட்டித்தான் பிரிட்டன் பின்னால் கணக்கைத் தீர்த்தது.

தோற்றவர்கள் பூர்வகுடிகள். கென்ட் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு, 1811-இல் அவர்களுக்கு இருந்த நிலமும் உரிமையும் திருப்பித் தரப்படும் என்று சொல்கிறது. ஜாக்சன் எழுதி வாங்கிய கிரீக் நிலம் திரும்பி வரவில்லை. கேட்டு வாங்கித் தர பிரிட்டனும் முன்வரவில்லை. அந்த மண்ணில் பருத்தித் தோட்டங்கள் வந்தன, அடிமைகளும் வந்தார்கள். ஹாரிசனும் ஜாக்சனும் இந்தப் போரில் சம்பாதித்த பெயரை வைத்தே பின்னர் ஜனாதிபதி ஆனார்கள். மிசிசிப்பிக்குக் கிழக்கே மிஞ்சியிருந்த மக்களை மேற்கே துரத்தும் சட்டத்தில் 1830-இல் கையெழுத்திட்டவர் ஜாக்சன். அன்று துரத்தப்பட்டவர்களில், ஹார்ஸ்ஷூ பெண்டில் அவருக்காகச் சண்டையிட்ட செரோக்கீ மக்களும் உண்டு.